ஊத்தை காரையாகும் முன்

வேப்பங்குச்சியும் நல்லெண்ணெயும் கடுக்காய் நீரும் பல்லில் படியும் அழுக்கை எவ்வளவு தூரம் குறைக்கும்? எந்த இடத்தில் தோற்றுப்போகும்?

பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் ரயில் நிலைய வாசல்களில் பொழுது விடிந்ததும் தொடங்கும் வியாபாரங்களில் ஒன்று தாதுன். ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிய வேப்பங்குச்சிகளும் கருவேலங்குச்சிகளும் கட்டுக் கட்டாக ஈரச் சாக்கின் மீது கிடக்கும். இரவு முழுக்க வண்டியில் வந்தவர் ஒன்றை வாங்கிக் கடித்துக்கொண்டே குழாயடிக்குப் போவார். அதே ஊரின் பெரிய கடைகளில் அதே வேம்பும் கிராம்பும் உப்பும் கரியும் பளபளக்கும் டியூபுகளில் அடைபட்டு, குச்சியைவிடப் பல மடங்கு விலையில் அடுக்கப்பட்டிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கரியையும் உப்பையும் விட்டொழித்து பிரஷைப் பிடியுங்கள் என்று பல பத்தாண்டுகள் இந்தியர்களுக்குப் பாடம் நடத்திய பற்பசைத் தொழில், பிறகு 'உங்கள் பேஸ்ட்டில் உப்பு இருக்கிறதா?' என்று கேட்க ஆரம்பித்தது. அடுத்து கரியும் வந்து சேர்ந்தது. புதுமை என்று சொல்லவும் ஒன்றுமில்லை. சுதேசி வேகத்தில் 1916-ல் தொடங்கப்பட்ட கல்கத்தா கெமிக்கல் கம்பெனி வேம்பில் சோப்பும் பற்பசையும் செய்து விற்ற கம்பெனிதான்.

வேம்பு உசத்தியா, பேஸ்ட் உசத்தியா என்ற பழைய சண்டையில் விஷயம் இல்லை. பல்லில் படிவது என்ன, அதை எது அகற்றும் என்பதில்தான் இருக்கிறது. தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் வெகு காலமாகவே உண்டு. காலையில் எழுந்ததும் நாக்கால் தடவினால் வழவழவென்று தட்டுப்படும் மெத்தென்ற படிவு ஊத்தை. அதுவே இறுகிக் கல்லானால் காரை. பல் டாக்டர்கள் முதலாவதை பிளேக் என்றும் இரண்டாவதை டார்ட்டர் என்றும் அழைக்கிறார்கள். இயற்கை வைத்தியம் பற்றிய குழப்பத்தில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

ஊத்தை என்பது சாப்பாட்டு மிச்சம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது உயிருள்ள ஒரு குடியிருப்பு. பல்லைச் சுத்தமாகத் தேய்த்த சில நிமிடங்களிலேயே உமிழ்நீரில் உள்ள புரதங்கள் பல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தோலைப் போர்த்திவிடுகின்றன. சில மணி நேரத்தில் அந்தத் தோலில் பாக்டீரியாக்கள் வந்து ஒட்டுகின்றன. முதலில் வருபவை பெரும்பாலும் சாதுவானவை. அவற்றின் முதுகில் வேறு வகைகள் ஏறி அமர்கின்றன. மனித வாயில் வாழக்கூடியவை என்று 700-க்கும் மேற்பட்ட வகைகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. சர்க்கரை கிடைத்துவிட்டால் இவற்றில் சில, பசை போன்ற ஒரு பொருளைத் தயாரித்து எல்லோரையும் ஒன்றாக ஒட்டவைக்கின்றன. கூடவே அமிலமும் சுரக்கின்றன. ஓரிரு நாளில் அது அடுக்குமாடி ஆகிவிடுகிறது. பசைக்குள் இருப்பவருக்கு வெளியே என்ன ஊற்றினாலும் பெரிய கவலை இல்லை.

இதை முதலில் கண்டவர் டாக்டரே அல்ல. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆன்டனி வான் லேவன்ஹுக். தானே இழைத்த கண்ணாடி வில்லையின் கீழ் தன் பல்லில் சுரண்டிய வெள்ளை மாவை வைத்துப் பார்த்துவிட்டு, 1683-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அவர் பல்லைக் கவனிக்காத ஆளும் இல்லை. தினமும் காலையில் உப்பு வைத்துத் தேய்ப்பார், கடைவாய்ப் பற்களைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்வார், துணியால் அழுத்தித் துடைப்பார். இவ்வளவுக்குப் பிறகும் பல்லிடுக்கில் மாவு இருந்தது. மாவுக்குள் குட்டிக் குட்டி ஜீவன்கள் நீந்திக்கொண்டிருந்தன.

அடுத்து அவர் செய்த சோதனையை இயற்கை வைத்தியம் பேசும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். வினிகரை அந்த மாவுடன் வெளியே கலந்தபோது ஜீவன்கள் செத்தன. ஆனால், வினிகரை வாயில் வைத்துக் கொப்பளித்துவிட்டு மறுபடி சுரண்டிப் பார்த்தால், உயிரோடு இருந்தன. மேலே இருந்தவை மட்டும்தான் மடிந்தன, வினிகர் உள்ளே இறங்கவில்லை என்று அவர் முடிவு செய்தார். சோதனைக் குழாயில் ஒரு மூலிகைச் சாறு கிருமியைக் கொல்கிறது என்பதற்கும், வாயில் அது ஊத்தையைக் கரைக்கிறது என்பதற்கும் இடையே உள்ள தூரம் அன்றே அளக்கப்பட்டுவிட்டது. இன்றைக்கும் பல விளம்பரங்கள் முதல் பாதியை மட்டும் சொல்கின்றன.

ஊத்தையை விட்டுவைத்தால் என்ன ஆகும்? 1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவரும் அவரது குழுவும் ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஈறு நோய்க்கு வைட்டமின் குறைவு, உடல்சூடு என்று என்னென்னவோ காரணம் சொல்லி வந்தவர்களுக்கு அந்தச் சின்னச் சோதனை பதில் சொன்னது. 1973-ல் லோவும் வேறு ஆய்வாளர்களும் இன்னொன்றையும் பார்த்தார்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை தேய்த்தாலும் சரி, முழுவதும் துப்புரவாக எடுத்தவர்களுக்கு ஈறு கெடவில்லை. மூன்று நாள், நான்கு நாள் விட்டவர்களுக்குத்தான் கெட்டது. தினமும் நான்கு முறை மேலோட்டமாகத் தேய்ப்பதைவிட ஒரு முறை முழுசாகத் தேய்ப்பது மேல் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். எல்லோராலும் எல்லா நாளும் அப்படி முழுசாக எடுக்க முடியாது என்பதால்தான் காலையும் இரவும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

லோவின் இன்னொரு ஆய்வு தமிழர்களுக்கு நெருக்கமானது. 1970-லிருந்து 15 ஆண்டு காலம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். பல் டாக்டர் என்ற ஒருவரையே அறியாத மக்கள். சொத்தைப் பல் அவர்களிடம் அநேகமாக இல்லை. ஆனால், ஊத்தையும் காரையும் ஏராளம், ஈறு எல்லோருக்கும் வீங்கியிருந்தது. 1986-ல் வெளியான முடிவுப்படி அவர்களில் 8 சதவிகிதத்தினருக்கு ஈறும் எலும்பும் வேகமாக அரித்துப் பற்கள் விழுந்தன. 81 சதவிகிதத்தினருக்கு மெதுவாக அரித்தது. 11 சதவிகிதத்தினருக்கு ஈறு வீக்கத்துக்கு மேல் எதுவும் ஆகவில்லை. 'எங்கள் தாத்தா ஒரு நாளும் பிரஷைத் தொட்டதில்லை, 80 வயதில் கரும்பு கடித்தார்' என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அந்தத் தாத்தா 11 சதவிகிதத்தில் ஒருவர். பேரனும் அதே கூட்டம்தானா என்பது பல் ஆடும்வரை தெரியாது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு வீட்டு வைத்தியங்களைப் பார்த்தால், எது எங்கே நிற்கிறது என்பது தெளிவாகும். முதல் மரியாதை குச்சிக்கு. ஆலையும் கருவேலையும் பல்லுக்கு உறுதி என்று சொல்லும் பழமொழி இங்கே உண்டு. ராஜஸ்தான், கட்ச் வறண்ட நிலங்களில் பீலு என்று அழைக்கப்படும் உகாய் மரத்தின் குச்சிக்கும் வேருக்கும் அந்த இடம். அரபு நாடுகளில் மிஸ்வாக் என்ற பெயரில் விற்பது அதுதான். 1986-லேயே உலக சுகாதார நிறுவனம் பழக்கம் உள்ள இடங்களில் அதை ஊக்குவிக்கலாம் என்றது. சுஸ்ருதர் பல்குச்சிக்கு அளவே கொடுத்திருக்கிறார்: 12 விரற்கடை நீளம், சுண்டுவிரல் பருமன்.

குச்சியின் பெருமைக்குக் காரணம் கசப்பு என்றே எல்லோரும் நம்புகிறார்கள். கசப்புக்கும் துவர்ப்புக்கும் பங்கு உண்டு. உகாயில் கிருமிகளை அடக்கும் கந்தகப் பொருளும் மெல்லிய மணல்சத்தும் இருக்கின்றன. வேப்பிலைச் சத்தில் செய்த களிம்பை ஆறு வாரம் பயன்படுத்தியவர்களுக்கு ஊத்தையும் கிருமி எண்ணிக்கையும் குறைந்ததாக மணிப்பால் ஆய்வாளர்கள் 2004-ல் எழுதினார்கள். ஆனால் குச்சி பிழைப்பது முக்கியமாக அதன் நாரால். கடித்து மென்று நுனியைத் தூரிகை போலாக்கி, அந்த நாரால் பல்லைத் தேய்க்கும்போது பசை கிழிகிறது. குடியிருப்பு இடிந்தபின் சாறு உள்ளே போக வழி கிடைக்கிறது. லேவன்ஹுக்கின் வினிகருக்குக் கிடைக்காத வழி அது.

குச்சியின் பலவீனமும் அதன் வடிவத்தில்தான் இருக்கிறது. பிரஷின் தலை கைப்பிடிக்குக் குறுக்காக நிற்கிறது. குச்சியின் நார் நீளவாக்கில் நீட்டிக்கொண்டிருக்கிறது. முன்பற்களின் வெளிப்புறம் கண்ணாடி போலாகும். கடைவாய்ப் பற்களின் உள்பக்கத்துக்கும் கீழ்ப்பற்களின் நாக்குப் பக்கத்துக்கும் அது எளிதில் போகாது. ஊத்தை அதிகம் சேரும் இடங்களும் அவையே. காய்ந்த குச்சியைக் குறுக்கு வாக்கில் இழுத்துத் தேய்த்தால் ஈறு கீழிறங்கி வேர் தெரிய ஆரம்பிக்கும். குச்சி பழகியவர்கள் புதிதாக ஒடித்த, ஈரமுள்ள குச்சியை எடுத்து, நார் மெத்தென்று ஆகும்வரை மென்று, ஈறிலிருந்து பல்லின் நுனி நோக்கித் தேய்க்க வேண்டும். தேய்த்த நுனியை வெட்டி எறிந்துவிட வேண்டும். ஒரே குச்சியைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டுவது சிக்கனம் ஆகாது. இரவில் ஒரு முறை மெல்லிய பிரஷ் சேர்ந்தால் குச்சி விட்ட இடங்களும் தீர்ந்துபோகும்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பது ஆயுர்வேதத்தில் பழைய முறை. 1990-களில் அது திடீரென்று ஆந்திரா, கர்நாடகப் பக்கம் ஒரு இயக்கம் போலப் பரவியது. மூட்டு வலியிலிருந்து ஆஸ்துமா வரை எல்லாவற்றையும் தீர்க்கும் என்றார்கள். அவற்றுக்கு ஆதாரம் கிடையாது. பல்லைப் பொறுத்தவரை கொஞ்சம் இருக்கிறது. 2009-ல் வெளியான ஒரு இந்திய ஆய்வில் ஈறு வீங்கிய 20 சிறுவர்களில் பாதிப் பேர் நல்லெண்ணெயும் மீதிப் பேர் குளோர்ஹெக்சிடின் மருந்து நீரும் பயன்படுத்தினார்கள். பத்து நாளில் இரு தரப்புக்கும் ஊத்தை குறைந்தது. 20 பேர், பத்து நாள் என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் போதிய ஆதாரம் இல்லை என்று கூறி இதைப் பரிந்துரைக்க மறுக்கிறது. செய்பவர்கள் செய்யட்டும், பல் தேய்ப்பதற்குப் பதிலாகச் செய்ய வேண்டாம். எண்ணெயை விழுங்கக் கூடாது. சளியும் இருமலும் உள்ளவர்கள், சிறு குழந்தைகள், படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கு இது வேண்டாம். எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் நுரையீரல் கெடும். பிரஷுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்க முடியாதவர்கள் எண்ணெய்க்கு 15 நிமிடம் ஒதுக்குவது எப்படி என்பது தனிப் புதிர்.

இவற்றில் நம்பிக்கை தருவது திரிபலா. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றையும் சேர்த்த சூரணம் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். 8 முதல் 12 வயதுள்ள 1,431 பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், திரிபலா நீர் ஊத்தையைக் குறைப்பதில் குளோர்ஹெக்சிடினுக்கு இணையாக நின்றது. இது சின்ன விஷயம் இல்லை. பல் டாக்டர்கள் அறுவைக்குப் பின்பும் ஈறு வீங்கியபோதும் சில நாட்களுக்கு எழுதிக் கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் நீண்ட நாள் போட்டால் பல்லில் பழுப்புக் கறை விழும், நாக்கில் ருசி மாறும். சூரணத்தைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, பல் தேய்த்த பிறகு கொப்பளிக்கலாம். துவர்ப்பு உள்ள எதுவும் நாளடைவில் லேசாகக் கறைபடுத்தும், இதுவும் அதற்கு விலக்கல்ல.

மஞ்சள், துளசி, கொய்யா இலை என்று பட்டியல் நீளும். எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு சிறிய ஆய்வு இருக்கிறது. வெதுவெதுப்பான உப்பு நீர் ஈறு வீக்கத்துக்கு இதமாக இருக்கும், ஊத்தையை எடுக்காது. கல் உப்பைப் பொடித்து நேரடியாகத் தேய்ப்பது வேறு விஷயம், அது ஈறைக் கீறிவிடும். கிராம்பு எண்ணெய் வலியை மரக்கச் செய்யும். அதனாலேயே சொத்தை உள்ளே பரவுவது தெரியாமலும் போகும். சமையல் சோடா பலரும் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. பல்லைத் தேய்த்துக் கரைக்கும் தன்மை அதற்கு மிகக் குறைவு, அமிலத்தையும் முறிக்கும். ஈரப் பிரஷில் ஒரு சிட்டிகை போதும். கேரட், ஆப்பிள், கரும்பு கடித்தால் பல் தானே சுத்தமாகும் என்பது கேட்க நன்றாக இருக்கும் நம்பிக்கை. அவை பல்லின் கடிக்கும் முகத்தை உரசுகின்றன. ஈறோரத்து ஊத்தை அப்படியே இருக்கிறது. கரும்பு அதற்கு விருந்தும் வைத்துவிட்டுப் போகிறது.

இயற்கை என்ற பெயரில் நேரடியாகக் கெடுதல் செய்பவையும் இருக்கின்றன. முதலில் எலுமிச்சை. பல்லின் மேல்பூச்சான எனாமல், பிஹெச் அளவு 5.5-க்குக் கீழே போனால் கரைய ஆரம்பிக்கும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி நிற்கிறது. இந்தக் கணக்கில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்கு ஏறும் என்பதால், எனாமல் தாங்கும் எல்லையைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். தேய்த்ததும் பல் வெள்ளையாகத் தெரிவது உண்மைதான். ஊத்தையோடு பல்லும் கொஞ்சம் போயிருக்கிறது. போன எனாமல் திரும்பாது. சோடாவோடு எலுமிச்சை சேர்த்தால் நுரை பொங்கும், பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஒன்றை ஒன்று முறித்துக்கொள்வதுதான் அங்கே நடக்கிறது.

கரி, சாம்பல், செங்கல் பொடி மூன்றும் ஒரே ஜாதி. சொரசொரப்பால் கறையைச் சுரண்டும், எனாமலையும் சுரண்டும். டியூபில் வரும் கரி கொஞ்சம் நயமாக அரைக்கப்பட்டது என்றாலும், அது பல்லுக்கு நல்லது, பத்திரமானது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2017-ல் அமெரிக்கப் பல் மருத்துவ இதழில் வெளியான விரிவான அலசல் சொல்கிறது.

எல்லாவற்றையும்விட மோசமானது பல்பொடி வேஷத்தில் வரும் புகையிலை. மகாராஷ்டிரத்தில் மிஸ்ரி என்று புகையிலையைக் கருக வறுத்துப் பொடிக்கிறார்கள். குஜராத்தில் பஜ்ஜர். பீகாரிலும் கிழக்கு உ.பி.யிலும் குல். ஒடிஷா, சத்தீஸ்கர், ஜார்க்கண்டில் வெல்லப்பாகு சேர்த்த களிம்பாக குடாக்கு. பல் வலிக்கு நல்லது, காலைக்கடன் கழிய உதவும் என்று வீட்டுப் பெரியவர்களே கற்றுக்கொடுக்கிறார்கள். ஒரு முறை பல் தேய்க்கத் தொடங்குபவர் நாளைக்கு நான்கைந்து முறை ஈறில் தடவாமல் இருக்க முடியாதவராகிறார். பெண்களிடம் இது அதிகம். பீடியைத் தொடாத குடும்பங்களிலும் இது புகையிலையாகக் கருதப்படுவதில்லை. மும்பையில் 1,217 கர்ப்பிணிகளைக் கவனித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், புகைக்காத வடிவில் புகையிலை பயன்படுத்தியவர்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைவாகப் பிறந்தன. அவர்களில் பெரும்பாலோர் பயன்படுத்தியது மிஸ்ரி.

பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-ல் தடை செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1997-ல் தடை சரியே என்று தீர்ப்பானது. தடைக்குப் பின் 'பல்பொடி' என்ற சொல்லை விட்டுவிட்டு, புகையிலைப் பொருள் என்றே டப்பாக்கள் தொடர்ந்து விற்பனையாகின்றன. வாங்குபவரின் பழக்கம் மாறவில்லை. இதில் இன்னொரு கண்ணி உண்டு. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ஈறு உள்ளுக்குள் அரிக்கும்போதும் ரத்தம் வராது. 'இதைத் தேய்க்க ஆரம்பித்தபின் ஈறில் ரத்தம் நின்றுவிட்டது' என்ற நம்பிக்கை அப்படித்தான் பிறக்கிறது.

இனி காரை. ஊத்தை அகற்றப்படாமல் கிடந்தால், உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கி இறுக ஆரம்பிக்கிறது. சிலருக்கு முதல் நாளிலேயே தொடங்கிவிடும். 12 நாளில் படிவின் பெரும்பகுதி கல்லாகிவிடலாம். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் நாக்குக்கு அடியிலும் மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்திலும் திறக்கின்றன. கீழ் முன்பற்களின் உட்புறமும் மேல் கடைவாயின் வெளிப்புறமும் காரை முதலில் கட்டுவது இதனால்தான். சுவரில் பூசிய காரையைக் கொப்பளித்துக் கரைக்க முடியாது. பல்லில் கட்டியதும் அப்படியே. அதைக் கரைக்கும் அளவுக்கு வலுவான புளிப்பு எதுவானாலும் பல்லையும் சேர்த்துக் கரைக்கும், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. 'ஐந்தே நிமிடத்தில் வீட்டிலேயே காரை உதிரும்' என்று செல்போன் வழியே சுற்றும் குறிப்புகள் அனைத்தையும் இந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளிவிடலாம்.

பழைய வைத்தியர்கள் இந்த விஷயத்தில் இன்றைய மூலிகை பக்தர்களைவிடத் தெளிவாக இருந்தார்கள். சுஸ்ருத சம்ஹிதை காரையை 'தந்த சர்க்கரை' என்று ஒரு தனி நோயாகவே சொல்கிறது. அதற்குக் கஷாயம் எழுதவில்லை. பல்லின் வேருக்கு ஊறு வராமல் கருவியால் சுரண்டி எடுத்துவிட்டு, அதன் பிறகு அரக்குப் பொடியைத் தேனில் குழைத்துத் தடவச் சொல்கிறது. அந்தக் கருவிக்கு தந்தசங்கு என்று பெயர். மூலிகை இரண்டாவது வரிசையில் நிற்கிறது.

இன்று அந்த வேலையை வினாடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும் முனை ஒன்று செய்கிறது. ஸ்கேலிங் என்கிறார்கள். இதைச் செய்துகொண்டால் பல் ஆடும், இடைவெளி விழும் என்ற பயம் நாடு முழுக்க இருக்கிறது. எலும்பு முன்பே அரித்துப்போன இடத்தில் காரைதான் பற்களை ஒட்டவைத்தாற்போல் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் உள்ளபடியான நிலைமை தெரியவருகிறது. சில நாள் பல் கூசும். ஈறு வீக்கம் வடிந்து பல்லைச் சுற்றி இறுகும்போது ஆட்டமும் ஓரளவு குறையும். அப்படியே விட்டிருந்தால் காரையும் பல்லும் சேர்ந்தே விழுந்திருக்கும். அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் சொற்பம். அந்த வாசலில் இதற்காக வருபவர்களைவிடப் பல் பிடுங்க வருபவர்கள்தான் அதிகம்.

வீட்டில் கவனிக்க வேண்டிய அடையாளம் ரத்தம். தேய்க்கும்போது ரத்தம் கசிந்தால் பெரும்பாலோர் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். செய்ய வேண்டியது நேரெதிர். மெல்லிய பிரஷை ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் சாய்த்து வைத்து, அங்கேதான் கூடுதலாக, ஆனால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். லோவின் 12 பேருக்கு ஆனதுபோல ஒரு வாரம், பத்து நாளில் ரத்தம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உள்ளே காரை இருக்கிறது என்று கொள்ளலாம், அல்லது வேறு நோய். சர்க்கரை நோயாளிகள் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. ஈறு கெட்டால் ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் நிற்காது, சர்க்கரை ஏறினால் ஈறு மேலும் கெடும். 1993-ல் லோ ஈறு நோயைச் சர்க்கரையின் ஆறாவது சிக்கல் என்றே எழுதினார். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மூலிகைப் பொடிகளிலும் பேஸ்ட்டுகளிலும் பெரும்பாலானவற்றில் ஃபுளோரைடு கிடையாது. ஊத்தை போகும், சொத்தைக்கு எதிரான காப்பு கிடைக்காது. நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த நல்கொண்டா, ராஜஸ்தானின் பல மாவட்டங்கள் போன்ற இடங்களில் டாக்டரைக் கேட்டுச் செய்வது நல்லது. மற்ற ஊர்களில் சிறு குழந்தைக்கு அரிசி அளவும், மூன்று வயதைத் தாண்டியவர்களுக்குப் பட்டாணி அளவும் ஃபுளோரைடு பேஸ்ட் போதும். துப்பக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

குச்சியோ பிரஷோ, எது பழக்கமோ அதன் லட்சணத்தைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை இருக்கிறது. பல் தேய்த்து முடித்தபின், பலகாரத்தில் சேர்க்கும் சிவப்புச் சாயத்தில் இரண்டு சொட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து அரை நிமிடம் கொப்பளித்துத் துப்பிவிட்டு, வெறும் தண்ணீரால் ஒரு முறை அலசிக் கண்ணாடியில் பார்க்கலாம். சுத்தமான பல்லில் சாயம் நிற்காது. ஊத்தை இருக்கும் இடம் சிவந்து காட்டும். பெரும்பாலும் அது கீழ் முன்பற்களின் பின்புறமாகவும் கடைசிக் கடைவாய்ப் பல்லாகவும் ஈறோரமாகவும் இருக்கும். உதடும் நாக்கும் சில மணி நேரம் சிவந்தே இருக்கும் என்பதால், இரவில் படுக்கப் போகும் முன் இதைச் செய்வது நல்லது.